நாய் மருந்தைப் பூச்சைக்கு (பூனைக்கு) கால் பங்கு போடலாமா?

தோவாளைப்பிச்சி:
மழை பிடிச்சதுல இருந்து பூச்சை மேல செள்ளு, அதாவது தெள்ளுப்பூச்சி, தாங்க முடியல. கையில இருக்கிறது நாய்க்கு உள்ள கழுத்துச் சொட்டு மருந்து, 4 மி.லி. குப்பி. உறையில இமிடாக்ளோப்ரிட் 10 சதவீதம், பெர்மெத்ரின் 50 சதவீதம்னு போட்டிருக்கு. பின்பக்கம் ஒரு சின்ன வட்டத்துக்குள்ள பூனைப் படத்தைக் குறுக்கா அடிச்சு வச்சிருக்காங்க. கடையில கேட்டா, "நாய்க்கு 30 கிலோ, பூச்சைக்கு மூணரை கிலோ, கால்வாசி விடுங்க, ஒண்ணும் செய்யாது"ங்காங்க. இந்தக் கணக்கு சரியா?

பறளியாறு:
போடாதீங்க. ஒரு சொட்டுகூட வேண்டாம்.

கடைக்காரர் கணக்கையே போட்டுப் பாருங்க. 50 சதவீதம்னா 1 மி.லி.யில 500 மி.கி. பெர்மெத்ரின். 4 மி.லி. குப்பியில கால்வாசி 1 மி.லி. மூணரை கிலோ உடம்புக்கு 500 மி.கி.ன்னா கிலோவுக்கு 143 மி.கி. கிலோவுக்கு 100 மி.கி. தோல்ல பட்டாலே பூனை உயிருக்கு ஆபத்துன்னுதான் விஷவியல் பாடத்துல சொல்லித் தருவாங்க. அதுக்குக் கீழ போனா பத்திரம்னும் கிடையாது.

எடைக்கு எடை பங்கு போடுற கணக்கு, ரெண்டு உடம்பும் மருந்தை ஒரே மாதிரி கழிச்சுக் கட்டினாத்தான் செல்லும். நாயோட ஈரல் பெர்மெத்ரினை உடைச்சு, குளுகுரோனிக் அமிலத்தோட கோத்து மூத்திரத்துல தள்ளிவிட்டுரும். பூனைக்கு அப்படிக் கோக்குற நொதிகள்ல முக்கியமானது ஒண்ணு வேலையே செய்யாது, அதுக்கான மரபணு செத்துக் கிடக்கு. மருந்து உடம்புலேயே சுத்தி, நரம்போட சோடியம் வாசலை மூட விடாம வச்சிருக்கும். நரம்பு ஒரு தடவை சொல்ல வேண்டிய சேதியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருக்கும். நீங்க பாக்குற நடுக்கம் அதாக்கும். அரை மாத்திரை பாரசிட்டமால் ஒரு பூனையைக் கொல்லுறதுக்கும் இதே ஈரல் குறைதான் காரணம்.

தோவாளைப்பிச்சி:
அப்போ அந்த வட்டம் சும்மா போட்டதில்ல.

பறளியாறு:
இல்ல. அதைப் பெருசாப் போட்டிருக்கணும்.

மாத்தூர் தொட்டிப்பாலம்:
ஏற்கெனவே போட்டுட்டவங்களும் இதைப் படிப்பாங்க, அவங்களுக்காக எழுதுறேன்.

முதல்ல தெரியுறது காது நுனி. ஈ உக்காந்த மாதிரி படபடன்னு அடிக்கும், பாத்தா ஈ இருக்காது. அடுத்தது முன்காலைத் தண்ணியில நனைஞ்ச மாதிரி உதறும். முதுகுத் தோல் அலை அலையா ஓடும். லேசாத் தொட்டாலும் துள்ளும். இந்தக் கட்டத்துல "குளிருது போல"ன்னு சாக்கைப் போட்டு மூடிட்டு விடியட்டும்னு காத்திருக்கிறதுதான் பெரிய தப்பு. அதுக்கப்புறம் உடம்பு முழுக்க நடுக்கம், நிக்க முடியாத தள்ளாட்டம், கண்மணி விரிஞ்சு போறது, ஜன்னி, அதாவது வலிப்பு. தசை விடாம ஆடுறதால காய்ச்சல் ஏறும். பூனைக்குச் சாதாரணமா 38-ல இருந்து 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். இதுல 41-ஐத் தாண்டிப் போகும். பெரும்பாலும் சில மணி நேரத்துலயே ஆரம்பிச்சிரும். மறுநாள் தொடங்குறதும் உண்டு, மூணாம் நாள் வரைக்கும் கண் வச்சிருக்கணும்.

அறிகுறி வரல, மருந்து மட்டும் பட்டிருக்குன்னா உடனே கழுவுங்க. பாத்திரம் கழுவுற திரவ சோப்புதான் இதுக்கு லாயக்கு, மருந்து எண்ணெய்ப் பசையில கரைஞ்சு நிக்கிறதால. ஷாம்பு போட்டா மேலோட்டமாப் போகும். நாய் ஷாம்புவைத் தொடவே தொடாதீங்க, அதுல பல வகையில பெர்மெத்ரினோ சைபர்மெத்ரினோ இருக்கும். கையுறை போட்டு, மருந்து விட்ட இடத்துல முடி நனையுறதுக்கு முன்னாடியே சோப்பைத் தேச்சு, பிறகு தண்ணி ஊத்தி நுரைக்க வச்சு அலசணும். ரெண்டு மூணு தடவை. விரல் நடுவுல பிசுபிசுப்பு போயி, முடி கீச்சுன்னு சத்தம் போடணும்.

தண்ணி வெதுவெதுப்பா இருக்கணும், முழங்கையில ஊத்தினா சூடும் தெரியாம குளிர்ச்சியும் தெரியாம. வெந்நீர்னா தோல் ரத்தக்குழாய் விரிஞ்சு மருந்து இன்னும் உள்ள போகும். பச்சைத் தண்ணின்னா உடம்பு ஜில்லிட்டு, மருந்து கழியிறது மந்தமாகும். துண்டால ஒத்தி எடுங்க, முடி உலர்த்துற மெஷின் வேண்டாம். நக்காம இருக்கக் கழுத்துல கூம்பு போடுங்க, இல்லேன்னா காலண்டர் அட்டையைச் சுருட்டிக் கட்டினாலும் போதும்.

நடுக்கம் தொடங்கியாச்சுன்னா வீட்டுல குளிப்பாட்டிக்கிட்டு நேரத்தைக் கடத்தாதீங்க. மருந்து விட்ட இடத்தை மட்டும் சோப்புத் துணியால துடைச்சுட்டுக் கிளம்புங்க. ஜன்னி வருற பூனையைத் தண்ணிக்குள்ள வைக்கவே கூடாது. அடக்குற ஊசி போட்டபிறகு அங்கேயே கழுவுவாங்க.

பால்வெட்டுக் கத்தி:
கொள்ளாம், நல்ல விளக்கம். மலையோரத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு நடைமுறைச் சங்கதி. பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் இருந்து நாகர்கோவில் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். பூச்சையைத் தோள்ல சாத்திக்கிட்டு பைக்ல கொண்டு போகாதீங்க. ஓலைக் கடவமோ அட்டைப்பெட்டியோ எடுத்து, அடியில துண்டு போட்டு, மேல மெல்லிசுத் துணியால மூடி இருட்டாக்குங்க. சத்தமும் வெளிச்சமும் பட்டாலே நடுக்கம் கூடும். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐ அடிச்சுப் பாக்கலாம், ஆனா வண்டி வரும்னு முற்றத்துல நிக்காம, பக்கத்துல எந்தக் கால்நடை மருந்தகம் திறந்திருக்குன்னு விசாரிச்சுக்கிட்டே போங்க.

ஒரு சந்தேகம் பறளியாறு டாக்டரே. எங்க பக்கம் ரப்பர்த் தோட்டத்துல எந்த மருந்து பட்ட ஆடு மாடுன்னாலும் முதல் ஊசி அட்ரோபின்தான். பூச்சைக்கும் வழியில யாராவது கம்பவுண்டர் கிட்ட அதை ஒண்ணு போட்டுட்டு வரலாமா?

பறளியாறு:
இந்த இழையில எனக்குச் சொல்ல வேண்டியது முக்கியமா இதுதான். நல்ல கேள்வி கேட்டீங்க.

"உண்ணி மருந்து விஷம்"னு ஒரு விஷம் கிடையாது. நாலு சாதி உண்டு. ஒண்ணுக்கு மாற்று மருந்தா இருக்கிறது இன்னொண்ணுல ஆளைக் கவுத்துரும். அதனால பூச்சையைக் கொண்டு வரும்போது உறை, குப்பி, பொடி டப்பா, எது இருக்கோ அதையும் கொண்டு வாங்க. குப்பையில போட்டிருந்தாலும் கிளறி எடுங்க. அது கிடைக்கலேன்னா நாங்க பூச்சையோட உடம்பை வாசிச்சுத்தான் ஊகிக்கணும்.

முதல் சாதி மேல சொன்ன பைரித்ராய்டு: பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின். ஆட்டம், காய்ச்சல். இதுக்கு அட்ரோபின் வேலையே செய்யாது. எச்சில் வடியுதுன்னு பாத்து அட்ரோபினை ஏத்தினா, ஏற்கெனவே துள்ளிக்கிட்டு இருக்கிற இதயத்தை இன்னும் அடிக்க வைக்கும், காய்ச்சலையும் கூட்டும்.

ரெண்டாவது ஆர்கனோபாஸ்பேட்டும் கார்பமேட்டும். மாலத்தியான் பொடி, குளோர்பைரிபாஸ், கார்பரில், புரோபாக்சர் எல்லாம் இதுல வரும். இங்க எல்லாமே ஒழுகும்: வாய், கண், மூத்திரம், பேதி, நெஞ்சுல சளி கடகடன்னு. கண்மணி ஊசித்துளை மாதிரி சுருங்கும், இதயம் மெதுவாகும். இதுக்குத்தான் அட்ரோபின், அதுவும் கொஞ்சநஞ்சம் இல்ல: கிலோவுக்கு 0.2-ல இருந்து 0.5 மி.கி. கால் பங்கு ரத்தக்குழாயில, மீதி தோலடியில. ஆர்கனோபாஸ்பேட்னு தெரிஞ்சா பிராலிடாக்சைம் சேரும், கிலோவுக்கு 10-ல இருந்து 20 மி.கி. குளோர்பைரிபாஸ் பூனைகிட்ட இன்னொரு சூது காட்டும். அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, நாள் கழிச்சு சோறு திங்காம, கழுத்தைக் கீழ தொங்கப் போட்டுக்கிட்டு, தளர்ந்து கிடக்கும்.

மூணாவது அமிட்ராஸ். இது தலைகீழ். பூச்சை தூங்கி வழியும், உடம்பு ஜில்லுன்னு இருக்கும், இதயத் துடிப்பு விழும், வாந்தி, வயிறு அசையாது, ரத்தச் சர்க்கரை ஏறும். துடிப்பு குறையுதேன்னு அட்ரோபின் போட்டீங்கன்னா ரத்த அழுத்தம் எகிறும், நின்னு போன குடல் இன்னும் நிக்கும். இதுக்கு மாற்று யோஹிம்பின் கிலோவுக்கு 0.1 மி.கி., இல்லேன்னா அடிபமசோல் கிலோவுக்கு 0.05 மி.கி. வாந்தி எடுக்க வைக்கவோ அடக்கவோ சைலசின் போடக்கூடாது. அமிட்ராஸ் அழுத்துற அதே பொத்தானை அதுவும் அழுத்தும்.

நாலாவது ஐவர்மெக்டின் வகை. கண்மணி முழுசா விரிஞ்சு, கண்ணு தெரியாம சுவத்துல முட்டும், குடிச்ச மாதிரி தள்ளாடும், பிறகு மயக்கம். மாற்று மருந்தே கிடையாது.

உறையும் இல்ல, அறிகுறியும் குழப்பம்னா ஒரு சோதனை உண்டு. அட்ரோபினைக் கிலோவுக்கு 0.02 மி.கி. மட்டும் ரத்தக்குழாயில கொடுத்துப் பாக்குறது. 4 கிலோ பூச்சைக்கு 0.08 மி.கி., அதாவது 0.6 மி.கி. ஆம்பியூல்ல 0.13 மி.லி. இதுக்கே இதயம் வேகமெடுத்து கண்மணி விரிஞ்சா ஆர்கனோபாஸ்பேட் இல்ல. ஒண்ணும் அசையலேன்னா சந்தேகம் அந்தப் பக்கம். இதை டாக்டர் செய்யணும், வழியில கம்பவுண்டர் செய்யுற வேலை இல்ல.

கோட்டாறு மருந்துப்பெட்டி:
மருந்துக்கடைப் பக்கத்துல இருந்து. பெர்மெத்ரின் பூச்சை மேல ஏற நாய் மருந்து மட்டும் வழியில்ல. மனுசனுக்கு உள்ள சொறிக் களிம்பு 5 சதவீதம், 30 கிராம் டியூப். பூச்சைக்குக் காதோரம் பொறுக்குத் தட்டி, தலை மொட்டையாகுற சொறி வந்ததும் இதை வாங்கிட்டுப் போறாங்க. ஆள்காட்டி விரல் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினா அரை கிராம், அதுல 25 மி.கி. பெர்மெத்ரின். தலை, காது, கழுத்து, நாலு காலுன்னு பூசினா எட்டுப் பிதுக்கு ஓடிரும். 200 மி.கி. ஆச்சு, அதையும் நக்கித் தின்னும். அந்தச் சொறி நோட்டோய்ட்ரஸ் சிலந்திப்பேன். செலமெக்டின் சொட்டோ சுண்ணாம்பு-கந்தகக் கழுவலோ போதும். பென்சைல் பென்சோயேட் 25 சதவீத லோஷனும் சொறிக்குன்னே விக்கிறது, பூனைக்கு அதுவும் ஆகாது. பழைய லிண்டேன் குப்பி வீட்டுல கிடந்தா அதையும் எடுத்துப் பூசிராதீங்க.

அடுத்தது மாட்டு மருந்து. அமிட்ராஸ் 12.5 சதவீதம், மாட்டு உண்ணிக்கு லிட்டர் தண்ணிக்கு 2 மி.லி. அந்த வாளியில மிச்சம் இருக்கிறதைப் பூச்சைக்கும் ரெண்டு குவளை ஊத்துறது நடக்குது. சைபர்மெத்ரின் 10 சதவீதம், டெல்டாமெத்ரின் 1.25 சதவீதம் எல்லாம் எண்ணெய்க் கரைசல். கரைப்பானே நுரையீரலுக்குள்ள போனா நிமோனியா கொண்டு வரும். அதனால இதைக் குடிச்ச பூச்சையை வாந்தி எடுக்க வைக்கக்கூடாது.

உறையில எதைப் பாக்கணும்? வணிகப் பேரை விட்டுருங்க. ஒரே பேர்ல ஒரு எழுத்து மாறி, ஒண்ணுல பெர்மெத்ரின் இருக்கும், ஒண்ணுல இருக்காது. பின்பக்கம் பொடி எழுத்துல "மெத்ரின்"னு முடியுற சொல் இருந்தா பூச்சைக்கு வேண்டாம்னு வச்சுக்கிடுங்க. புளூமெத்ரின் மட்டும் விலக்கு. அதுவும் பூனைக்குன்னே எழுதி வர்ற கழுத்துப் பட்டையில மட்டும்தான், மாட்டு முதுகுல ஊத்துற புளூமெத்ரினை எடுத்து விடக்கூடாது.

முட்டம் கலங்கரை:
அண்ணே, அப்போ பூச்சைக்கு எது போடலாம்? அதையும் எழுதுங்க. பயமுறுத்திட்டு விட்டா சனம் மறுபடியும் மண்ணெண்ணெய்க்குப் போயிரும்.

கோட்டாறு மருந்துப்பெட்டி:
சரிதான். தனி பிப்ரோனில், பூனைக் குப்பி அரை மி.லி. தனி இமிடாக்ளோப்ரிட். செலமெக்டின், கிலோவுக்கு 6 மி.கி. இமிடாக்ளோப்ரிடும் மாக்சிடெக்டினும் சேந்தது ஒண்ணு வருது, பூனைக்கு மாக்சிடெக்டின் 1 சதவீதம், நாய்க்கு 2.5 சதவீதம். பேர் ஒண்ணே, உறையில படத்தைப் பாத்து வாங்குங்க. புளூராலனர் மாதிரி புதுசா வந்தது நல்லா வேலை செய்யும், ஆனா முன்ன ஜன்னி வந்த பூச்சைக்கு வேண்டாம். 2018-ல அமெரிக்க உணவு மருந்து ஆணையமே அந்தக் கூட்டத்து மருந்துக்கு நரம்புக் கோளாறு எச்சரிக்கை கொடுத்திருக்கு.

மாத்தூர் தொட்டிப்பாலம்:
மண்ணெண்ணெய் பேச்சு வந்ததால சேத்துடுறேன். மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும், நக்கினா நுரையீரலுக்குப் போகும். சூடத்தைத் தேங்காய் எண்ணெயில காய்ச்சிப் பூசுறது நம்ம வீடுகள்ல பழைய வழக்கம். பூச்சை நக்கும்ங்கிறதை அதுல யாரும் கணக்குல எடுக்கல. சூடம் உள்ள போனா ஜன்னி வரும். டீ ட்ரீ எண்ணெய் "இயற்கை"ன்னு விக்கிறாங்க, சில சொட்டு சுத்த எண்ணெய் போதும், பூச்சை ஜில்லிட்டுக் கால் தளர்ந்து விழும். வேப்பெண்ணெய்க்கும் சில பூனைக்கு எச்சிலும் நடுக்கமும் வரும். எறும்புப் பொடியைச் செள்ளுக்குத் தூவுறதைப் பத்தி எழுதவே கை கூசுது.

2 மாசத்துக்குக் கீழ உள்ள குட்டிக்கு எந்தச் சொட்டும் வேண்டாம். செள்ளுச் சீப்பு ஒண்ணு வாங்கி, பக்கத்துல சோப்புத் தண்ணிக் கிண்ணம் வச்சு, கழுத்துல ஆரம்பிச்சு வால்வரை சீவி, சீவிச் சீவி முக்குங்க. குட்டி படுக்குற துணியை வெந்நீர்ல போடுங்க. தாய்க்கு மட்டும் செலமெக்டின். செள்ளுல பெரும்பங்கு பூச்சை மேல இல்ல, முட்டையும் கூடுமா மணல்லயும் துணியிலயும் கிடக்கு. கடலோர வீடுகள்ல முற்றத்து மணலை விட்டுட்டுப் பூச்சையை மட்டும் எத்தனை தடவை நனைச்சாலும் மறு வாரம் திரும்ப வரும்.

முட்டம் கலங்கரை:
ஐவர்மெக்டின் ஊசி பத்தி யாராவது எழுதுங்க. காதுப் பேனுக்கு ஆட்டு ஊசியையே கொஞ்சம் போடலாம்னு எங்க கடற்கரைப் பக்கம் நிறைய பேர் செய்றாங்க. இன்சுலின் சிரிஞ்சில 8 கோடுன்னு ஒரு கணக்கு சுத்துது.

பறளியாறு:
அந்த 8 கோட்டுலதான் விபத்தே ஒளிஞ்சிருக்கு.

1 சதவீத ஊசின்னா 1 மி.லி.யில 10 மி.கி. காதுப் பேனுக்குக் கிலோவுக்கு 0.2 மி.கி. 4 கிலோ பூச்சைக்கு 0.8 மி.கி., அதாவது 0.08 மி.லி. ஆரஞ்சு மூடி 100 யூனிட் சிரிஞ்சில இது 8 கோடு. சிவப்பு மூடி 40 யூனிட் சிரிஞ்சில 3 கோடும் கொஞ்சமும். மெடிக்கல்ல ரெண்டும் கிடைக்கும். சிவப்பு மூடியில "8 கோடு" இழுத்தீங்கன்னா 0.2 மி.லி., 2 மி.கி. ரெண்டரை மடங்கு. இன்னொண்ணு, மாட்டுக்கு நாள்பட வேலை செய்யுற 3.15 சதவீத ஐவர்மெக்டினும் உண்டு. குப்பியைப் பாக்காம அதுல இழுத்தா அதுக்கு மேல இன்னும் மூணு மடங்கு.

சாதாரண 2 மி.லி. சிரிஞ்சில 0.08 மி.லி. அளக்கவே முடியாது, ஊசிக் கழுத்துல தங்குறதே கிட்டத்தட்ட அவ்வளவு வரும். 600 கிராம் குட்டிக்கு 0.012 மி.லி. அது அளவே இல்ல, கண்ணாடியில பட்ட ஈரம். மருந்தை மூளைக்குள்ள விடாத தடுப்பும் குட்டிக்கு முத்தியிருக்காது. மனுசனுக்கு உள்ள 12 மி.கி. மாத்திரையைக் கால்வாசி உடைச்சுக் கொடுத்தாலும் 3 கிலோ பூச்சைக்குக் கிலோவுக்கு 1 மி.கி., அஞ்சு மடங்கு. சில பூச்சைக்கு இந்த மருந்தை மூளைக்குள்ள விடாம வெளிய தள்ளுற புரதமே பிறவியிலேயே பழுது. அதுக்குச் சரியான அளவே கூடத் தாங்காம போகலாம், வெளிய பாத்தா அடையாளம் தெரியாது.

பால்வெட்டுக் கத்தி:
நான் கொஞ்சம் மறுத்துச் சொல்லுறேன் டாக்டரே. செலமெக்டின் ஒரு குப்பி விலைக்கு மலையோரத்துல எத்தனை பேர் வாங்குவாங்க? ஒரு ஐவர்மெக்டின் குப்பியில ஊர்ப் பூச்சை முழுக்கப் போட்டுரலாம். முறையா அளந்தா என்ன தப்பு?

பறளியாறு:
மருந்து தப்புன்னு நான் சொல்லல, நானும் போடுறதுதான். அளவு எடுக்கிற கருவி தப்பு. குப்பியை மருந்தகத்துக்குக் கொண்டு வாங்க, பூச்சைகளையும் கடவத்துல கொண்டு வாங்க, எடை போட்டு ஒரே நடையில போட்டுரலாம். வீட்டுல எடை பாக்குறதுன்னா, பூச்சையைத் தூக்கிக்கிட்டு ஏறி நின்னு உங்க எடையைக் கழிக்கிற கணக்கு பெரிய பூச்சைக்குச் சரி. குட்டிக்கு அந்தத் தராசு அரை கிலோ முன்ன பின்ன காட்டும், அது குட்டியோட மொத்த எடை. அடுக்களைத் தராசுல டப்பா வச்சு அதுக்குள்ள விட்டுப் பாருங்க.

கோட்டாறு மருந்துப்பெட்டி:
குடல் புழுவுக்குக் கொடுக்குற பூச்சி மருந்தும் இதே கதைதான், சுருக்கமாச் சொல்லுறேன். மனுசனுக்கு உள்ள ஆல்பெண்டசோல் 400-ஐ உடைச்சுக் கொடுக்காதீங்க, பூனைக்கு எலும்பு மஜ்ஜையை அடக்கும், ரத்த அணு விழும். கோழிக்கும் ஆட்டுக்கும் கலக்குற லெவமிசோல், வேலை செய்யுற அளவுக்கும் விஷமாகுற அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. உருளைப்புழுவுக்குப் பைரண்டெல் போதும், கிலோவுக்கு 10 மி.கி., மி.லி.க்கு 50 மி.கி. உள்ள சிரப்புன்னா கிலோவுக்கு 0.2 மி.லி. செள்ளு மூலமா வர்ற நாடாப்புழுவுக்குப் பிராசிகுவாண்டெல் கிலோவுக்கு 5 மி.கி.

மாத்தூர் தொட்டிப்பாலம்:
டாக்டரே, நடுக்கத்தோட வர்ற பூச்சைக்கு மருத்துவமனையில என்ன செய்வாங்கன்னு தெரிஞ்சா, இங்க உள்ளவங்க மருந்தை முன்கூட்டியே தேடி வைக்கலாமே.

பறளியாறு:
பெர்மெத்ரினுக்கு முதல் மருந்து மெத்தோகார்பமால் ஊசி, கிலோவுக்கு 55-ல இருந்து 220 மி.கி., மெதுவா. மி.லி.க்கு 100 மி.கி. ஆம்பியூல்ல 4 கிலோ பூச்சைக்கு 2.2 மி.லி.யில தொடங்கலாம். நடுக்கம் அடங்குற வரை பாத்துப் பாத்து ஏத்தணும், நிமிசத்துக்கு 2 மி.லி.க்கு மேல போகக்கூடாது. ஒரு நாளைக்கு உச்சம் கிலோவுக்கு 330 மி.கி., அதாவது 13 மி.லி. சொச்சம். டயசெபாம் ஜன்னிக்கு உதவும், தசை நடுக்கத்தைப் பெருசா அடக்காது. டயசெபாம் மட்டும் போட்டுட்டு "அடங்கலையே"ன்னு கைவிடுற இடங்களும் உண்டு. அதுக்கும் அடங்கலேன்னா புரோப்போபால்ங்கிற மயக்க மருந்து வரை போகணும்.

ஊசி கிடைக்கலேன்னா மாத்திரையைக் கரைச்சு ஆசனவாய் வழியா ஏத்துறதும் உண்டு. இங்க கவனம்: மெத்தோகார்பமால் மாத்திரை பலது வலி மருந்தோட சேந்து வருது. பாரசிட்டமாலோ டைக்ளோபெனாக்கோ சேந்ததை வாங்கிட்டு வந்துட்டீங்கன்னா நடுக்கத்துல பிழைச்ச பூச்சையை மருந்துல கொன்ன கதையாகும். தனி மெத்தோகார்பமால் 500னு உறையில இருக்கணும்.

ரெண்டாவது 20 சதவீத கொழுப்புக் குழம்பு. மனுச ஆஸ்பத்திரியில வாய்வழி சாப்பிட முடியாதவங்களுக்குச் சத்துக்கு ஏத்துற அதே பால் நிறத் திரவம். பெர்மெத்ரின், ஐவர்மெக்டின் ரெண்டும் கொழுப்புல கரையுற சாதி. ரத்தத்துல ஓடுற இந்தக் கொழுப்பு, மருந்தை நரம்புல இருந்து இழுத்துக்கும். கிலோவுக்கு 1.5 மி.லி. முதல்ல, பிறகு கிலோவுக்கு நிமிசத்துக்கு 0.25 மி.லி., அரை மணியில இருந்து ஒரு மணி நேரம். 4 கிலோ பூச்சைக்கு முதல்ல 6 மி.லி., பிறகு நிமிசத்துக்கு 1 மி.லி. ஆக 100 மி.லி. பாட்டில் ஒண்ணு போதும். பெரிய மெடிக்கல்ல டாக்டர் சீட்டு கேப்பாங்க, கேக்குறது சரிதான். கால்நடை டாக்டர் கிட்ட சீட்டு வாங்கிட்டு ஒருத்தர் அதுக்கு ஓடுங்க, ஒருத்தர் பூச்சை பக்கத்துல நில்லுங்க.

ஊசி போட்டு ஆட்டம் நின்னதும் காய்ச்சல் சடார்னு இறங்கி, கழுவின ஈரமும் சேந்து உடம்பு ஜில்லிடும். அப்போ போர்த்தி விடணும். ரெண்டு மணிக்கு ஒருக்கா தெர்மாமீட்டர். பெரும்பாலும் ஒண்ணுல இருந்து மூணு நாள்ல தெளிஞ்சிரும், நேரத்துக்கு வந்தா பிழைக்கிறதுதான் அதிகம். ஐவர்மெக்டின் அப்படி இல்ல. நாட்கணக்கா, சில நேரம் வாரக்கணக்கா மயங்கிக் கிடக்கும். புரட்டிப் போட்டு, கண்ணுல களிம்பு விட்டு, மூத்திரம் அமுக்கி எடுத்து, குழாய்ல தீனி கொடுத்துப் பாத்தாத் திரும்பும். அதுல டயசெபாமைத் தள்ளி வைக்கிறதுதான் வழக்கம், அமுக்குற மருந்தோட அமுக்குற மருந்தைச் சேக்க வேண்டாம்னு.

உப்புத் தண்ணி, முட்டை வெள்ளை, தேங்காப்பால், புளித்தண்ணி எதையும் வாயில ஊத்தாதீங்க. தோல்ல பட்ட மருந்துக்கு வாயில ஊத்தி என்ன ஆகப் போகுது? தள்ளாடுற பூச்சைக்கு அது நேரா நெஞ்சுக்குள்ள போகும்.

முட்டம் கலங்கரை:
பூனை மருந்தையே போட்டாலும் சில பூச்சை நுரை நுரையாத் தள்ளுதே, அதுவும் விஷமா?

மாத்தூர் தொட்டிப்பாலம்:
கசப்பு. நாக்கு எட்டாத இடத்துல விடாம, நக்குற இடத்துல விட்டதால வர்றது. ஈரத் தீனியோ மீன் வேகவச்ச தண்ணியோ வச்சா கொஞ்ச நேரத்துல நின்னுரும். நடுக்கம் இல்லாம வெறும் நுரைன்னா இதுதான். நுரையோட காதும் துடிச்சா உறையை மறுபடி எடுத்துப் பாருங்க. அடுத்த தடவை தலை எலும்பு முடிஞ்சு கழுத்து தொடங்குற குழியில, முடியை வகிர்ந்து, தோல் தெரியுற இடத்துல விடுங்க.

தோவாளைப்பிச்சி:
எல்லாருக்கும் நன்றி. குப்பியைத் திருப்பிக் கொடுத்தாச்சு, தனி பிப்ரோனில் வாங்கியாச்சு. ஒரே ஒரு கேள்வி பாக்கி. இதே பெர்மெத்ரின் சொட்டை நேத்து சாயங்காலம் நாய்க்கு விட்டிருக்கு. பூச்சை ராத்திரி நாயோட வயித்துல சுருண்டுதான் படுக்கும்.

பறளியாறு:
பிரிச்சு வைங்க, இப்பவே. 3 நாள், 72 மணி நேரம். நாய் வெளித் திண்ணையில, பூச்சை உள்ள. நாய் படுத்த சாக்கைச் சோப்புப் போட்டுத் துவைச்சு வெயில்ல போடுங்க, பூச்சை அதுலதான் போய் முதல்ல படுக்கும். பூச்சையோட கழுத்து, கன்னம், முன்கால் ரோமத்தை முகர்ந்தும் தொட்டும் பாருங்க. பிசுபிசுப்போ மருந்து வாசமோ இருந்தா மாத்தூர் அக்கா சொன்ன மாதிரி பாத்திர சோப்பு, வெதுவெதுப்புத் தண்ணி. இன்னைக்கு ராத்திரியும் நாளைக்கும் காது நுனியைப் பாத்துக்கிட்டே இருங்க. புது பிப்ரோனிலை அந்த மூணு நாள் கழிஞ்சபிறகு விடுங்க, இப்போ விட்டா எதால நுரை தள்ளுதுன்னு யாருக்கும் தெரியாம போகும்.

தோவாளைப்பிச்சி:
சாக்கு தண்ணியில போட்டாச்சு. நாய் திண்ணையில ஊளையிடுது, பூச்சை கதவைப் பிராண்டுது. காது இதுவரைக்கும் சும்மா இருக்கு.